யவனர் மதுவும் மலையமான் தேரும்

என் தமக்கையின் மகன் லண்டனில் உத்தியோகம் பார்க்கிறான். மாதம் பிறந்தால் அவன் வீட்டு வாசலில் ஒரு பெட்டி வந்து இறங்குமாம். பெட்டிக்குள் வைக்கோல் மெத்தையில் மூன்று புட்டிகள் படுத்திருக்குமாம். பிரான்சு, இத்தாலி என்று உலகம் அறிந்த திராட்சை மது அல்ல. ஒரு மாதம் ஜார்ஜியா. மறு மாதம் லெபனான். அதற்கடுத்த மாதம் மால்டோவா. யாரும் அதிகம் பேசாத நாடுகளின் மதுவைத் தேடிப் பிடித்து அனுப்புவதற்கென்றே அங்கே வியாபாரிகள் இருக்கிறார்கள். அதற்கு வருஷச் சந்தா.

சந்தா என்றால் எனக்குப் பத்திரிகைச் சந்தா ஒன்றுதான் தெரியும். புட்டிக்கும் சந்தா உண்டு என்பதைத் தொலைபேசியில் அவன் சொல்லித்தான் அறிந்துகொண்டேன்.

"மாமா, லெபனான் திராட்சை மதுவை ருசி பார்த்த முதல் தமிழன் நானாகத்தான் இருப்பேன். அந்தப் பக்கத்தில் மது செய்கிறார்கள் என்பதே நம் ஊரில் ஒருவருக்கும் தெரியாது" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "நீ இரண்டாயிரம் வருஷம் தாமதமாகப் பிறந்துவிட்டாய், மாப்பிள்ளை. அந்தச் சரக்கு கப்பலேறி இந்தியாவுக்கு வந்த காலத்தில் உன் லண்டன் ஓர் ஊராகவே தலையெடுத்திருக்குமோ என்னவோ!" என்றேன்.

வேடிக்கைக்காகச் சொன்னதுதான். ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. அந்தச் சமயத்தில் நானும் மலையமான் திருமுடிக்காரியைப் பற்றி ஒரு சரித்திரத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். அதில் ஓர் அத்தியாயம் முழுவதும் திருக்கோவலூர் அரண்மனையில் நடக்கும் விருந்து. யவனர் சாடிகள் வரிசையாக வந்து நிற்கும், பொற்கிண்ணங்கள் நிரம்பி வழியும், பாணர்கள் பாடுவார்கள், காரி எழுந்து தேர்களை வாரி வழங்குவான். எழுதும்போது என் பேனாவுக்கே கொஞ்சம் போதை ஏறியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அந்த அத்தியாயம் பின்னால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. முதலில் சரித்திரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1944-ஆம் வருஷம். இந்தியத் தொல்பொருள் இலாகாவின் தலைவராகப் புதிதாக வந்திருந்த மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்தைப் பார்வையிட்டார். அங்கே ஓர் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தபோது ஒரு மண்சாடியின் கழுத்தும் நீண்ட கைப்பிடியும் அவர் கையில் தட்டுப்பட்டன. நம்மில் ஒருவராக இருந்தால், உடைந்த ஓடு என்று அலமாரியை மூடிவிட்டுப் போயிருப்போம். வீலர் பிரிட்டனில் ரோமானியர் வாழ்ந்த இடங்களைத் தோண்டிப் பழகியவர். அது மத்தியதரைக் கடல் நாடுகளில் திராட்சை மது நிரப்பி அனுப்பும் 'ஆம்போரா' என்ற சாடியின் துண்டு என்பதைப் பார்த்தவுடன் கண்டுகொண்டார். எங்கே கிடைத்தது என்று விசாரித்தார். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு என்ற இடத்தில் கிடைத்தது என்றார்கள்.

அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் இருக்கும் அந்த மேட்டைப் பற்றி துப்ராய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் 1930-களிலேயே எழுதியிருந்தார். 1945-இல் வீலர் அங்கே முறையாக அகழ்ந்தார். அவருக்குப் பிறகு காசால் என்பவரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழுவினரும் தோண்டினார்கள். இத்தாலியில் செய்த செந்நிற மெருகுக் கலங்களின் துண்டுகள், மணி செய்யும் தொழிலின் எச்சங்கள், நூற்றுக்கணக்கான சாடி ஓடுகள் எல்லாம் வெளிவந்தன. யவனர்கள் வந்து உண்டாக்கிய பண்டகசாலை அது என்று வீலர் நினைத்தார். பின்னால் வந்தவர்களோ, யவனர் வருவதற்கு முன்பே அங்கே நம்மவர் ஊர் ஒன்று இருந்தது என்று காட்டினார்கள். வந்தவர்கள் ஊரை உண்டாக்கவில்லை. இருந்த ஊரைத் தேடி வந்தார்கள்.

அந்தச் சாடி ஓடுகளைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ஆம்போரா என்பது அடி கூர்மையான நெடிய சாடி. நம் வீட்டுத் தண்ணீர்க் குடத்தைப் போல் தரையில் உட்காராது. கப்பலின் அடித்தளத்தில் ஒன்றுக்குள் ஒன்று இடுக்கி நிறுத்துவதற்காகவே அந்த வடிவம். உள்ளே கசியாமல் இருப்பதற்குப் பிசின் பூசியிருப்பார்கள். ரோமானியரின் கணக்கில் ஓர் ஆம்போரா என்ற அளவு சுமார் 26 லிட்டர்.

அரிக்கமேட்டு ஓடுகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில் என்ற அம்மையார், கோஸ் என்ற கிரேக்கத் தீவின் சாடி வகை அவற்றில் மிகுதி என்று கண்டார். இரண்டு தண்டுகளை ஒட்டவைத்தது போன்ற இரட்டைக் கைப்பிடி அந்த வகையின் அடையாளம். கோஸ் தீவின் மதுவுக்கு ஒரு விசேஷம் உண்டு. அதில் கடல் நீரைக் கலப்பார்கள். கேட்கும்போது முகம் சுளிக்கத்தான் தோன்றும். ஆனால் உப்புக் கலந்த மது நீண்ட கடற்பிரயாணத்தில் சீக்கிரம் கெடாது என்பது அவர்கள் அனுபவம். இதைவிட வேடிக்கை, கேட்டோ என்ற ரோமானியப் பெரியவர் கிறிஸ்து பிறப்பதற்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய விவசாய நூலில், இத்தாலியில் இருந்துகொண்டே கோஸ் மது செய்வது எப்படி என்று பக்குவம் சொல்லியிருப்பதுதான். ஆகவே அரிக்கமேட்டில் இறங்கிய சாடிகளில் எத்தனை அசல், எத்தனை நகல் என்பதை அன்று வாங்கியவனும் அறிந்திருக்க மாட்டான். போலிச் சரக்கு நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிட வேண்டாம்.

இனி மருமகனின் லெபனானுக்கு வருவோம். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில், எகிப்திலிருந்து வியாபாரம் செய்த கிரேக்க மாலுமி ஒருவர் 'எரித்திரையக் கடலின் பெரிப்ளூஸ்' என்ற சிறு நூலை எழுதிவைத்தார். அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. எந்தத் துறைமுகத்தில் எது விலை போகும், எது கிடைக்கும் என்று விவரிக்கும் வழிகாட்டி அது. குஜராத்தின் பரூச் துறைமுகத்தில் இறக்கும் சரக்குகளில் முதலில் மதுவைச் சொல்கிறார். இத்தாலிய மதுவுக்கு முதல் மதிப்பு. அத்துடன் லவோதிகேயா மது, அரேபிய மது ஆகியவையும் செல்லும் என்கிறார். லவோதிகேயா என்பது இன்றைய சிரியாவின் லடாக்கியாத் துறைமுகம். லெபனானுக்கு அடுத்த வீடு. அந்த ஊருக்கு மேலேயுள்ள மலை உச்சிவரை திராட்சைத் தோட்டம் என்றும், அலெக்சாந்திரியா நகரம் அருந்தும் மதுவில் பெரும்பகுதி அங்கிருந்தே போகிறது என்றும் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார்.

நம் மேற்குக் கரையின் முசிறிக்கும் மது வந்தது. ஆனால் அதிகமில்லை என்று பெரிப்ளூஸ் ஆசிரியர் கணக்காகச் சொல்கிறார். கிழக்குக் கரையில் அவர் குறிக்கும் பொதுகே என்ற துறைமுகம் அரிக்கமேடே என்பது பலருடைய கருத்து. சாடிகளின் கதை அத்துடன் முடியவில்லை. ரோமானியச் சாடி என்று நாம் எழுதிவைத்திருந்த ஓடுகள் பல உண்மையில் ஈராக் நாட்டு மண்ணில் வனைந்து, உட்புறம் நிலக்கீல் பூசிய சாடிகளின் ஓடுகள் என்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட்டா டோம்பர் என்ற அறிஞர் கண்டறிந்தார். முசிறி இருந்த இடமாகக் கருதப்படும் கேரளத்துப் பட்டணத்திலும் அவை கிடைத்திருக்கின்றன. எல்லாவற்றையும் 'ரோம்' என்ற ஒரே பெயரில் அடக்கியது நம் அறியாமை. வந்தது கோஸிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் சிரியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும்.

சந்தாவும் இருந்தது! பருவக்காற்றுதான் சந்தா. ஆடி மாதத்தை ஒட்டி எகிப்திலிருந்து கப்பல்கள் புறப்படும். செங்கடலின் வாயிலிலிருந்து முசிறிக்கு 40 நாளில் வந்துவிடலாம் என்று பிளினி எழுதுகிறார். பிறகு மார்கழி, தை மாதங்களில் எதிர்க்காற்றைப் பிடித்துத் திரும்பிவிடும். மாதத்துக்கு ஒரு பெட்டி அல்ல, வருஷத்துக்கு ஒரு கப்பல். தவணை தவறினால் கடிதம் எழுதிக் கேட்கவும் முடியாது.

இந்த மதுவை அருந்தியவர் யார்? இங்கே தங்கிய யவனர்களே குடித்திருக்கலாம். ஆனால் நம் அரசர்களும் குடித்தார்கள் என்பதற்குப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டு சாட்சி. யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர, நாள்தோறும் உண்டு மகிழ்வாயாக என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். அந்தப் பாட்டில் வரும் 'கலம்' என்ற சொல்லுக்குக் கப்பல் என்றும் பொருள் கொள்ளலாம். சாடி என்றும் பொருள் கொள்ளலாம். எப்படியானாலும் பொற்கிண்ணம் பாண்டியனுடையது. வயலில் நாற்று நட்டவளுக்கும் மலையில் தினைப்புனம் காத்தவளுக்கும் அதில் ஒரு சொட்டும் கிட்டியிராது.

அவர்களுக்கு அவர்களுடைய சரக்கு இருந்தது. பனங்கள், நெல்லரிசியில் காய்ச்சிய தோப்பி, தேனிலிருந்து செய்த தேறல். கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம், மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேன் தேறலைப் பற்றிச் சொல்கிறது. கோஸ் தீவுக்காரன் மண்சாடியைத் தேர்ந்தான். நம் மலைக்காரன் மூங்கிலைத் தேர்ந்தான். அதற்குச் சந்தா கட்டுவதற்குத்தான் ஆள் இல்லாமல் போய்விட்டது.

இவ்வளவையும் கேட்ட மருமகன் சென்ற வருஷம் விடுமுறைக்கு வந்தபோது, "மாமா, அந்தக் காரி ஆண்ட நாட்டை எனக்குக் காட்டுங்கள்" என்றான். இருவரும் கள்ளக்குறிச்சிக்குப் புறப்பட்டோம்.

கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினோம். கோமுகி அணை கீழே வெள்ளித் தகடு போல் சிறுத்துக்கொண்டே போயிற்று. வெள்ளிமலைக்குப் போகும் வழியெங்கும் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டிருந்தார்கள். கடுக்காய் மரங்கள் நின்றன. இங்கே வாழும் மலையாளி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் இந்த மலை நெடுங்காலம் இருந்தது. 1976-இல்தான் ஜாகீர் முறை ஒழிந்து அரசாங்கத்தின் நேரான நிர்வாகம் வந்தது. நாடு சுதந்திரம் பெற்று 29 வருஷங்களுக்குப் பிறகு!

ஓடைக்கரையில் காரை நிறுத்திக் காப்பி குடித்தோம். மருமகன் ஜார்ஜியாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அங்கே பெரிய மண்சாடிகளைக் கழுத்துவரை பூமியில் புதைத்து, அதற்குள் திராட்சையை ஊறவிடுகிறார்களாம். எண்ணாயிரம் வருஷத்துக்கு முன்பே அங்கே திராட்சை மது செய்ததற்குத் தடயம் கிடைத்திருக்கிறதாம். அந்தப் புதைசாடி முறையை 2013-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பாரம்பரியச் சொத்துகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறதாம்.

காரோட்டி வந்த பெரியவர் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "இந்த மலையிலேயும் புதைக்கிறாங்க சார். பேரலைப் பூமியிலே புதைச்சு ஊறல் போடுவாங்க. போலீஸ் வந்து உடைச்சுட்டுப் போகும். மறுபடி புதைப்பாங்க."

மருமகன் சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை.

திரும்பும்போது, கள்ளக்குறிச்சி நகருக்குள் நுழைந்ததும் அவர் வேகத்தைக் குறைத்தார். ஒரு தெருப் பக்கம் கையைக் காட்டி, "கருணாபுரம்" என்று மட்டும் சொன்னார்.

நேயர்களுக்கு நினைவிருக்கும். 2024-ஆம் வருஷம் ஜூன் மாதம். பாக்கெட்டில் விற்ற சாராயத்தைக் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். 65 பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். கொன்றது ஊறலில் விளைந்த சரக்கு அல்ல; தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால். அது பார்வைக்கும் வாசனைக்கும் மதுவைப் போலவே இருக்கும். உடம்புக்குள் போனபின் ஈரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றிவிடும். எறும்பின் கொடுக்கில் இருக்கும் அதே அமிலம். அது முதலில் கண்ணின் நரம்பைப் பிடிக்கிறது, பிறகு உயிரை.

மருமகன் காரைவிட்டு இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை. இறங்கி என்ன கேட்பது? ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு பெண் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் நறுக்கத் தொடங்கினாள். தெருவைப் பார்க்க வருகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருப்பாள்.

அன்றிரவு விடுதி அறையில் எனக்குத் தூக்கம் வரவில்லை. சென்னை ராஜதானியில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது 1937-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி, சேலம் ஜில்லாவில். கல்வராயன் மலையின் மேற்குப் பகுதி அந்த ஜில்லாவைச் சேர்ந்தது. 1948-இல் ராஜதானி முழுவதும் மதுவிலக்கு, 1971-இல் தளர்ந்தது, மறுபடி பூட்டினார்கள், மறுபடி திறந்தார்கள். கதவு எப்படி இருந்தாலும் ஏழையின் கையில் ஏதாவது ஒரு கிண்ணம் வந்து சேர்ந்துகொண்டேதான் இருந்தது. பாண்டியனின் பொற்கிண்ணத்தையும் இந்தப் பாக்கெட்டையும் ஒரே சரித்திரத்தில் எழுத வேண்டும் அல்லவா? நானோ பொற்கிண்ணத்தை மட்டும் எழுதியிருந்தேன். அதுவும் இதே மண்ணில் வைத்து!

மறுநாள் காலை திருக்கோவலூருக்குப் போனோம். தென்பெண்ணையில் தண்ணீர் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றின் நடுவே தனிப் பாறை. அதன் உச்சியில் சிறு கோயில். கபிலர் குன்று என்பது அதுதான். நண்பன் பாரி இறந்தபின் அவன் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியை, இங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் இருக்கும் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. இராஜராஜனின் தாய் வானவன் மாதேவியும் இந்த மலையமான் குலத்துப் பெண்தான்.

கரையில் உட்கார்ந்து, கையோடு கொண்டுபோயிருந்த புறநானூற்றைப் புரட்டினேன். காரியைக் கபிலர் பாடிய பாடல்களை வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தேன். 123-ஆம் பாட்டு. எத்தனையோ தடவை படித்ததுதான். அன்றைக்குத்தான் அது என்னைப் பிடித்து நிறுத்தியது.

கபிலர் சொல்வது இதுதான்: காலையிலேயே கள்ளை உண்டு களித்துச் சபையில் வீற்றிருந்தால், தேர் கொடுப்பது யாருக்கும் எளிது. ஆனால் மலையன் போதையின்றிக் கொடுத்த தேர்கள் இருக்கின்றனவே, அவை அவனுடைய முள்ளூர் மலைமேல் விழும் மழைத்துளிகளைவிட அதிகம்.

புத்தகத்தை மூடினேன். முகம் சுட்டது.

"என்ன மாமா?" என்றான் மருமகன்.

"தொடர்கதையில் நான் பொய் எழுதிவிட்டேன், மாப்பிள்ளை."

"யவனர் மது இங்கே வரவில்லை என்கிறீர்களா?"

"வந்திருக்கலாம். இந்தத் திருக்கோவலூர்ப் பக்கத்தில் ரோமானியப் பொற்காசுப் புதையலே கிடைத்திருக்கிறது. காசு வந்த வழியில் சாடி வந்திருக்கக் கூடாதா? அது பொய் அல்ல. காரிக்குப் போதை ஏற்றிவிட்டுத் தேர் கொடுக்க வைத்தேனே, அதுதான் பொய். எந்தப் பெருமைக்காகக் கபிலர் அவனைப் பாடினாரோ, அந்தப் பெருமையையே பறித்துவிட்டேன்."

காரி மதுவைத் தொடாதவன் என்று கபிலர் சொல்லவில்லை. அந்தக் காலத்து வள்ளல்கள் மதுவைத் தாமும் உண்டார்கள், வந்தவருக்கும் ஊற்றினார்கள். அதியமான் சிறிதளவு கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான் என்று ஔவையார் அழுதுகொண்டே பாடியிருக்கிறார். குடித்தானா இல்லையா என்பது அல்ல கபிலரின் கேள்வி. கொடுத்தபோது அவன் அறிவு அவனிடம் இருந்ததா என்பதே கேள்வி. தெளிவோடு கொடுத்தவனுக்கு, தான் எதைக் கொடுக்கிறோம், யாருக்குக் கொடுக்கிறோம் என்பது தெரியும். 121-ஆம் பாட்டிலும், கொடுப்பது எளிது, தரம் அறிவதே அரிது என்று அவனிடமே சொன்னவர் அல்லவா அவர்!

மருமகன் வெகு நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தச் சந்தாவை நிறுத்திவிடட்டுமா, மாமா?" என்று கேட்டான்.

"அதை நான் சொல்ல மாட்டேன். புட்டியில் எந்த நாட்டு மண், எந்த வருஷத்து மழை என்று சீட்டு ஒட்டி உனக்கு அனுப்புகிறார்கள். நீ படித்துப் பார்த்துக் குடிக்கிறாய். நேற்று நாம் பார்த்த தெருவில் பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல ஒருவரும் இல்லை. அந்த வித்தியாசத்தை மட்டும் மறக்காதே" என்றேன்.

அவன் லண்டன் திரும்பிவிட்டான். சந்தா நின்றதா, தொடர்கிறதா என்று நான் கேட்கவில்லை. ஆனால் போன மாதம் அவன் அனுப்பிய பணம் ஒன்று வந்தது. கள்ளக்குறிச்சியில் படிக்கும் பிள்ளைகள் யாருக்காவது பள்ளிக்கூடப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள், என் பெயர் வேண்டாம் என்று எழுதியிருந்தான். தெளிவோடுதான் அனுப்பியிருப்பான் என்று நம்புகிறேன்.

என் தொடர்கதை புத்தகமாக வரும்போது, அந்த விருந்து அத்தியாயத்தைத் திருத்தி எழுதியிருக்கிறேன். யவனர் சாடி மண்டபத்து மூலையில் திறக்கப்படாமல் நிற்கிறது. காலை வெயிலில், வெறும் வயிற்றோடு, காரி தேரைக் கொடுக்கிறான்.